இறுக்கச் சொன்னேன், இறக்கிவிட்டான்: சுவரேறும்போது என்ன வார்த்தை சொல்கிறீர்கள்?

சூரமங்கலம் புதுசு · ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். இரண்டு மாதமாகச் சேலத்தில் ஓர் உள்ளரங்கச் சுவரில் ஏறப் பழகுகிறேன். நானும் என் மனைவியின் தம்பியும் ஞாயிறு தவறாமல் போகிறோம்.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். சுவர் 11 மீட்டர் உயரம். கயிறு உச்சியில் ஒரு கம்பியைச் சுற்றி இரு பக்கமும் தொங்கும். ஒரு முனை என் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிய ஹார்னஸ் வாரில். மறுபக்கம் கீழே நிற்கும் மச்சானின் பிலே கருவியில், அதாவது கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவியில். ஏறக்குறைய உச்சிக்குப் போய்விட்டேன். அடுத்த பிடிக்காக வலது கையை எடுத்தபோது கயிறு தொய்வாக இருப்பது தெரிந்தது. "இறுக்கு, இறுக்கு!" என்று கத்தினேன். அவன் காதில் "இறக்கு, இறக்கு!" என்று விழுந்திருக்கிறது. கருவியில் கயிற்றைத் தளர்த்தும் லீவரை இழுத்துவிட்டான். ஒரு கை பிடியில், ஒரு கை காற்றில் இருந்த நான் அப்படியே வழுக்கி, பக்கவாட்டில் சுழன்று, முழங்கால் சுவரில் இடித்த பிறகுதான் நின்றேன். தோல் உரிந்ததோடு போனது.

இறங்கி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "மாமா, நீங்க இறக்குன்னுதானே சொன்னீங்க?" அவன் மேல் தப்பே கிடையாது. ஓர் உகரம்தான் வித்தியாசம். தகரக் கூரைக்கு அடியில், பக்கத்துக் கயிறுகளில் ஐந்தாறு பேர் கத்திக்கொண்டிருக்கும்போது அந்த உகரம் கீழே போய்ச் சேரவில்லை.

பயிற்சி கொடுத்தவர் "டேக்", "ஸ்லாக்" என்றுதான் சொல்லிக் கொடுத்தார். பதற்றத்தில் அது வாயில் வரவில்லை, வீட்டு வார்த்தைதான் வந்தது. அடுத்த ஞாயிறு எங்கள் கடையில் வேலை செய்யும் ஆறு பேரை முதல் தடவையாக அழைத்துப் போகிறேன். அதற்குள் இதற்கு ஒரு வழி வேண்டும். நீங்கள் என்ன வார்த்தை வைத்திருக்கிறீர்கள்? ஏறும் முன் எதையெல்லாம் பார்ப்பீர்கள்?

கயிறுபிடி · ஞாயிறு, இரவு 9:55

முழங்காலோடு போனதே பெரிது. ஒன்பது வருடமாகப் புதியவர்களுக்குக் கயிறு பிடிக்கிறேன். இறுக்கு, இறக்கு குழப்பத்தை நானே மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

இன்னொரு ஜோடியும் இருக்கிறது, அது இதைவிட மோசம்: "விடு", "விடாதே". தமிழில் வேண்டாம் என்பது சொல்லின் கடைசியில்தான் வரும். 10 மீட்டர் உயரத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லும்போது அந்தக் கடைசி தேய்ந்து போகிறது. "விடா..." வரைக்கும்தான் கீழே கேட்கும். "பிடி", "விடு" இரண்டும் அப்படித்தான், இரண்டிலும் தொடக்கம் இகரம், சுருக்கென்று முடியும். ஆகவே எங்கள் குழுவில் இறுக்கு, இறக்கு, பிடி, விடு நான்கையும் சுவரில் சொல்லவே கூடாது. ஆங்கிலத்திலும் இதே தொல்லை உண்டு. "டேக்" என்றால் கயிற்றை இழுத்துப் பிடி, "ஸ்லாக்" என்றால் தளர்த்து. நேர் எதிரான இரண்டு கட்டளைகளும் "க்" என்றே முடிகின்றன. சத்தத்தில் அந்தக் கடைசி "க்" மட்டும் கேட்டால் எது என்று எப்படித் தெரியும்?

நாங்கள் வைத்திருப்பது டைட், லூஸ், கீழே. சைக்கிள் கடை முதல் சமையலறை வரை எல்லோரும் புழங்கும் சொற்கள், பதறினாலும் வாயில் வரும். மூன்றுக்கும் உயிரெழுத்து வேறு: ஐ, ஊ, ஈ. தூரத்தில் மெய்யெழுத்து கரைந்துவிடும், உயிரெழுத்து வந்து சேரும். சும்மா தரையில் நின்று சோதித்துப் பாருங்கள். அரங்கின் அந்தக் கோடிக்கு ஒருவரை அனுப்பி, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள்.

வார்த்தை மட்டும் போதாது, பதில் வேண்டும். மேலே இருப்பவர் "டைட்" என்றால் கீழே இருப்பவர் இழுத்து முடித்த பிறகு "டைட் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். இறக்குவதை ஒருபோதும் ஒற்றைச் சொல்லில் செய்யாதீர்கள். முதலில் டைட். அவர் ஹார்னஸில் உட்கார்ந்து, கையை எடுத்து, கீழே பார்க்க வேண்டும். கண்ணும் கண்ணும் சந்தித்த பிறகு "கீழே" என்று அவர் சொல்ல, "கீழே வரீங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டு, அப்புறம்தான் லீவர். இன்று உங்கள் மச்சான் இந்த வரிசையில் போயிருந்தால், நீங்கள் இன்னும் பிடியில் தொங்குவதைப் பார்த்தே நிறுத்தியிருப்பார்.

கேட்டது புரியவில்லையா? கயிறு பூட்டியபடியே இருக்கட்டும். திரும்பக் கேளுங்கள். தொங்குகிறவருக்கு அரை நிமிடம் கை வலிக்கும், அவ்வளவுதான்.

அண்ணாநகர் அல்ல அஸ்தம்பட்டி · ஞாயிறு, இரவு 10:20

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இன்று சேலத்தில் ஏறுகிறவர் நாளைக்குப் பெங்களூரில் கண்டீரவா மைதானச் சுவருக்குப் போவார், பாதாமிக்குப் போவார், ஹம்பிக்குப் போவார். அங்கே கயிறு பிடிக்கிற கன்னடக்காரரிடமும் மராத்திக்காரரிடமும் "லூஸ்", "கீழே" என்று சொன்னால் என்ன ஆகும்? உலகம் முழுக்க ஒரே வார்த்தைகள் இருப்பதே ஒரு பாதுகாப்புதான். முதல் நாளிலிருந்தே அதைப் பழக்க வேண்டும்.

கயிறுபிடி · ஞாயிறு, இரவு 10:41

நியாயமான கேள்வி. வெளியூர் போகிறவர்களுக்கு ஆங்கிலச் சொற்களைத் தனியாகச் சொல்லித் தருகிறேன். ஆனால் முதல் நாள் வருகிறவர் 6 மீட்டரில் கால் நடுங்கும்போது அவர் வாயில் வரும் சொல்லை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அது தானாக வரும். கீழே இருப்பவருக்கு அந்தச் சொல் புரிய வேண்டும். எந்த ஊரில் ஏறினாலும், தரையில் நிற்கும்போதே "எதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று புது ஜோடியிடம் கேட்டுவிடுவது என் வழக்கம். பெங்களூரிலும் கேட்பேன். ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட ஆளுக்கு ஒரு மாதிரிதான் சொல்கிறார்கள்.

வாழப்பாடிக் கிணறு · திங்கள், காலை 6:30

நான் சுவர் ஏறியதில்லை, என் மகன் ஏறுகிறான். அவன்தான் இதைக் காட்டினான். என் அப்பா கிணறு வெட்டுகிற வேலை. எங்கள் பக்கம் கிணறு என்றால் பாறையை வெடி வைத்து உடைத்து இறங்குவது, 60 அடி, 80 அடி. கல்லையும் மண்ணையும் மேலே தூக்க விளிம்பில் கிரேன் நிற்கும். அதை ஓட்டுகிறவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. உள்ளே இருப்பவர் கத்தினால் கிணற்றுச் சுவரில் பட்டு எதிரொலித்து வார்த்தை கூழாகிவிடும். அதனால் விளிம்பில் ஒருவர் நிற்பார், கை காட்டுவது அவர் மட்டும்தான். தூக்கவும் இறக்கவும் அவர் கையைத்தான் பார்க்க வேண்டும். முதலாளியே வந்து சொன்னாலும் கிரேன் ஓட்டுகிறவர் கேட்க மாட்டார்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு. நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வேடிக்கை பார்க்கிற சின்னப் பையன் சொன்னாலும் நிற்கும். ஏன் நிறுத்தினாய் என்று அப்புறம்தான் கேட்பார்கள், திட்ட மாட்டார்கள். திட்டினால் அடுத்த தடவை அந்தப் பையன் வாயைத் திறக்க மாட்டான் என்று அப்பா சொல்வார்.

கயிறுபிடி · திங்கள், காலை 7:15

ஐயா, இதை அப்படியே எங்கள் குழுவில் எடுத்துக்கொள்கிறேன். கயிறு பிடிப்பவருக்கு ஏறுகிறவர் மட்டுமே கட்டளை தரலாம், "நிறுத்து" மட்டும் எல்லோருக்கும் பொது. இப்போதெல்லாம் கீழே நிற்கும் நான்கு நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லி, பிடிப்பவரைக் குழப்புகிறார்கள்.

ஏற்காடு ரோடு டீச்சர் · திங்கள், மாலை 5:40

வார்த்தையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் வாய் திறக்காததைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு 47 வயது. போன வருடம் சேர்ந்தேன். எனக்குக் கயிறு பிடித்தவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். ஒரு நாள் அவசரத்தில் கயிற்றை ஹார்னஸின் கால் வளையம் வழியாக மட்டும் விட்டு முடிச்சுப் போட்டிருந்தேன், இடுப்பு வளையத்தில் விடவில்லை. அவன் பார்த்திருக்கிறான். சந்தேகமும் வந்திருக்கிறது. "மிஸ் தப்பாவா கட்டியிருப்பாங்க" என்று நினைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறான். பக்கத்தில் நின்ற, அன்றுதான் முதல் தடவை வந்த ஒரு கல்லூரிப் பெண், "அக்கா, என்னோடது ரெண்டு வளையத்துல போகுது, உங்களோடது ஒண்ணுலதான போகுது?" என்று கேட்டாள். நான் அப்போது சுவரில் கை வைத்தாகிவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்டிக்காரப் பையன், அவனுக்குத் தெரியாமல் இல்லை. பெரியவர்களைத் திருத்தக் கூடாது என்று அவனுக்குச் சொல்லித் தந்தவர்களில் நானும் ஒருத்தி. முடிச்சைத் தப்பாகப் போட்டதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், அவன் கேட்பதற்காகக் காத்திருப்பதில்லை. நானே போய் முன்னால் நின்று, "டேய், என் முடிச்சைச் சத்தமா வாசிச்சுக் காட்டு" என்கிறேன். அவன் தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் அவன் கருவியை நான் தொட்டுப் பார்த்துச் சொல்வேன். வயதில் பெரியவர்தான் இதைத் தொடங்க வேண்டும், சின்னவர்களால் முடியாது. சூரமங்கலம் தம்பி, நீங்கள் கடை ஆட்களை அழைத்துப் போவதாகச் சொல்கிறீர்களே, அங்கே நீங்கள் முதலாளியோ மேலாளரோ என்றால் இது உங்களுக்குத்தான். உங்கள் முடிச்சு தப்பு என்று உங்கள் ஆட்களில் யார் சொல்வார்?

இன்னும் ஒன்று, பெண்களுக்கு. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிடியில் மோதிரம் மாட்டி உடல் கீழே இழுத்தால் விரல் தோலையே உரித்துவிடும். கழற்ற மாட்டேன் என்று தாலிச் சரடை வைத்துக்கொள்கிறவர்கள் அதை உள்ளாடைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். துப்பட்டா வேண்டவே வேண்டாம். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடுங்கள், கயிறு பிடிப்பவர்களும்தான். குனிந்து பார்க்கும்போது பிலே கருவிக்குள் பின்னல் நுழைந்து சிக்கியதை என் கண்ணால் பார்த்தேன். இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல், அழுதுகொண்டே நின்றாள் அந்தப் பெண்.

சூரமங்கலம் புதுசு · திங்கள், இரவு 8:05

டீச்சர், நான் மேலாளர்தான். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் இப்போதுதான் தெரிகிறது. எங்கள் கடையில் எல்லோரும் என்னை "அண்ணா" என்பார்கள், அவர்களுக்குள்ளும் "அண்ணா"தான். போன மாதம் அரங்கில் யாரோ "அண்ணா, டைட்!" என்று கத்த, கயிறு பிடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன்.

கயிறுபிடி · திங்கள், இரவு 8:50

பெயரோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் முதலில், கட்டளை பிறகு. பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்குகிறவர்கள் பெயரோடு அண்ணா, அக்கா சேர்க்கட்டும். ஆனால் "கொஞ்சம் டைட் பண்ணுங்கண்ணா" என்று நீட்ட வேண்டாம், பாதி வாக்கியம் முடிவதற்குள் விழுந்திருப்பார்கள். தரையில் இருக்கும்போதே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள்: சுவரில் "ங்க" கிடையாது, கீழே வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மரியாதை கொடுக்கலாம். இதைப் பெரியவர் வாயால் சொன்னால்தான் சின்னவர்களுக்குத் தைரியம் வரும். டீச்சர் சொன்னதேதான்.

சரி, நீங்கள் கேட்ட இன்னொன்று, ஏறும் முன் என்ன பார்ப்பது. நான் கீழிருந்து மேலே போக மாட்டேன், உடம்பிலிருந்து கயிறு போகிற வழியிலேயே போவேன்.

முதலில் இடுப்பு வார். பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே போட்டுப் பழகிய ஆண்கள் ஹார்னஸையும் அங்கேயே கட்டுகிறார்கள். இடுப்பெலும்புக்கு மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். பிடித்துக் கீழே இழுத்தால் எலும்பைத் தாண்டி இறங்கக் கூடாது. இறங்கினால், தலைகீழாகத் திரும்பும்போது ஆள் நழுவி வெளியே வந்துவிடலாம்.

அப்புறம் எட்டு முடிச்சு. ஹார்னஸின் முன்னால் இருக்கும் தடித்த வளையமான பிலே லூப் எந்த இரண்டு வளையங்கள் வழியாகப் போகிறதோ, கயிறும் அதே இரண்டின் வழியாகப் போக வேண்டும். முடிச்சில் கோடுகள் இரண்டிரண்டாக, குறுக்கே ஏறாமல், ஐந்து ஜோடி இருக்க வேண்டும். எண்ணுங்கள், விரலை வைத்து எண்ணுங்கள். மீதி நுனி குறைந்தது ஒரு கைப்பிடி, நாங்கள் ஒரு சாண் விடுகிறோம்.

அடுத்து பிடிப்பவர் பக்கம். கருவியை மாட்டும் உலோகக் கொக்கியான காராபைனர் அவருடைய பிலே லூப்பில் இருக்கிறதா, திருகு பூட்டியிருக்கிறதா. பார்த்தால் போதாது, வாயை அழுத்திப் பாருங்கள், திறக்கக் கூடாது. பிலே கருவி கிரிகிரி (விழும்போது தானே கவ்வும் வகை) என்றால் உள்ளே கயிற்றின் எந்தப் பக்கம் ஏறுகிறவருக்கு, எது கைக்கு என்று படம் பொறித்திருக்கும். மாற்றிப் போட்டால் பூட்டாது. அதனால் ஏறுகிறவர் பக்கக் கயிற்றை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், கருவி கவ்வ வேண்டும்.

கடைசியாகக் கை. இது நம் ஊர்க்காரர்களுக்கு நான் அதிக நேரம் எடுத்துச் சொல்வது. கிணற்றில் தண்ணீர் சேந்திப் பழகியவர்கள் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பார்கள், ஒரு கை விட்ட பிறகுதான் மறு கை பிடிக்கும். அந்தப் பழக்கம் கயிறு கையில் பட்டதும் வந்துவிடுகிறது. இங்கே கருவிக்குக் கீழே இருக்கும் கயிற்றில் ஒரு கை எப்போதும் இருக்க வேண்டும். சறுக்கி நகர்த்தலாம், எடுக்கக் கூடாது. கிரிகிரி தானே பிடிக்கும் என்று கையை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கைக்குத் துணை, கைக்குப் பதில் அல்ல.

ஒரு கணக்கும் சொல்கிறேன். ஏறும் கயிறு நீளக்கூடியது, 80 கிலோ தொங்கினால் 10 சதவீதம் வரை நீள்வதற்குத் தரவிதியே இடம் தருகிறது. 11 மீட்டர் சுவரில் ஆள் அடியில் இருக்கும்போது மேலே போய்த் திரும்பி வரும் கயிறு 20 மீட்டர். 5 சதவீதம் நீண்டாலே ஒரு மீட்டர். முதல் இரண்டு மூன்று பிடிகளில் விழுந்தவர் தரையில் உட்காருவது இதனால்தான். தொடக்கத்தில் கயிற்றை நன்றாக இறுக்கமாக வைத்திருங்கள். பிடிப்பவர் எடை குறைவானவர் என்றால் சுவருக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், தள்ளி நின்றால் சுவரை நோக்கி இழுத்துக்கொண்டு போய்விடும்.

பழைய பாறை · திங்கள், இரவு 11:30

புதியவர்களுக்கு இவ்வளவும் சரி. இருபது வருடம் ஏறியவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒருவர் முடிச்சை ஒருவர் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? கை தானாகப் போடும் முடிச்சு அது.

ஏற்காடு ரோடு டீச்சர் · செவ்வாய், காலை 5:50

ஐயா, கை தானாகப் போடுவதால்தான் பயம். லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண், அவர் காலத்தில் உலகின் முன்னணிச் சுவரேறிகளில் ஒருவர். 1989 மே மாதம் பிரான்சில் பியூக்ஸ் என்ற இடத்தில், கயிற்றை ஹார்னஸில் நுழைத்தவர் முடிச்சை முடிக்காமலே ஏறிவிட்டார். நடுவில் கவனம் வேறெங்கோ போயிருந்தது. மேலே போய் இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோது கயிறு உருவிக்கொண்டு போக, 20 மீட்டருக்கும் மேல் விழுந்தார். மரக்கிளைகளில் பட்டு விழுந்ததால் பிழைத்தார். அதற்கு நான்கு வருடம் கழித்து, 1993இல், எல் கேப்பிட்டன் பாறையின் நோஸ் பாதையைக் கருவியில் தொங்காமல் கை காலால் மட்டுமே ஏறிய முதல் ஆளும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கே இது நடந்தது. ஒரு ஆள் தொட்டுப் பார்த்திருந்தால் நடந்திருக்காது.

முடிச்சுப் போடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் பதில் சொல்வதில்லை. போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்புவேன்.

பழைய பாறை · செவ்வாய், காலை 8:10

இந்தச் சம்பவம் எனக்குத் தெரியாது. சரி டீச்சர், ஏற்றுக்கொள்கிறேன்.

ஓசை குறைவு · செவ்வாய், மதியம் 1:15

எனக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. சுவரில் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவேன், வியர்வை பட்டால் கெட்டுவிடும். மூன்று வருடமாக ஏறுகிறேன்.

நானும் என் தோழியும் கையைத்தான் நம்புகிறோம். உள்ளங்கை மேல் நோக்கி உயர்ந்தால் டைட். உள்ளங்கை கீழ் நோக்கித் தாழ்ந்தால் இறங்குகிறேன். மூடிய கை முஷ்டி என்றால் நிறுத்து. கையை எடுக்க முடியாத இடத்தில் தலையை வேகமாக ஆட்டுவேன், அது டைட். ஏறும் முன் இந்த நான்கையும் ஒரு தடவை தரையில் செய்து காட்டிக்கொள்வோம், நூறு தடவை சேர்ந்து ஏறியிருந்தாலும். என் தோழி கைபேசியைத் தொடுவதில்லை, பக்கத்தில் யார் வந்தாலும் திரும்புவதில்லை, நான் தரையில் கால் வைக்கும் வரை என்னைவிட்டு அவள் கண் எடுப்பதில்லை. காது கேட்கிறவர்கள் கத்தலாம் என்ற தைரியத்தில் கீழே பார்க்காமலே இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். தகரக் கூரையில் மழை கொட்டும் நாளில் அரங்கில் எல்லோருக்கும் என் காதுதான்.

அண்ணாநகர் அல்ல அஸ்தம்பட்டி · செவ்வாய், இரவு 9:00

இது எனக்குப் பிடித்திருக்கிறது. கைச்சைகை எந்த மொழிக்காரருக்கும் ஆகும். என் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

ஏற்காட்டுப் பாறைக்குப் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கண் முன்னே சார்னோக்கைட் பாறை நிற்கும், கை ஊறும். ஆனால் மேகம் இறங்கினால் 10 மீட்டரில் இருப்பவர் தெரிய மாட்டார், சைகையும் போச்சு. மேலே கயிற்றுக்கு நங்கூரம் அமைப்பது தனிப் படிப்பு. உள்ளரங்கில் இரண்டு மாதம் ஏறியதை வைத்து அங்கே போக வேண்டாம், தெரிந்தவரோடு போங்கள்.

இன்னொன்று. கையில் பூசும் சாக் பொடி மெக்னீசியம் கார்பனேட். சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேர் என்று தெரிகிற மாக்னசைட் மேடுகளும் அதே மெக்னீசியம் கார்பனேட்தான், வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று எழுதி வைத்தது. 1950களில் ஜான் கில் என்ற ஜிம்னாஸ்டிக் வீரர்தான் இந்தப் பொடியைப் பாறையேற்றத்துக்குக் கொண்டுவந்தவர். நம் ஊர்க் கல் உலகம் முழுக்க ஏறுகிறவர்களின் கையில் இருக்கும் பொருள் என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

சூரமங்கலம் புதுசு · ஞாயிறு, இரவு 8:30

போய்விட்டு வந்தோம். ஆறு பேரும் பத்திரம்.

தரையிலேயே முக்கால் மணி நேரம் செலவழித்தோம். துண்டால் வாயை மூடி டைட், லூஸ், கீழே சொல்லிப் பார்த்தோம். கயிறுபிடி சொன்னது உண்மை, மூன்றும் பிரிந்து கேட்டது. இறுக்கு, இறக்கு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னபோது ஆறு பேரில் நான்கு பேர் தப்பாகக் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் கேட்ட கேள்விக்காக ஒன்று செய்தேன். எல்லோர் முன்னாலும் என் முடிச்சை வேண்டுமென்றே நான்கு ஜோடியோடு விட்டு, நுனியைச் சொருகி மறைத்துக்கொண்டு, வரிசையாகச் சரிபார்க்கச் சொன்னேன். முதல் மூன்று பேர் "சரியா இருக்குண்ணா" என்றார்கள். நான்காவது ஆள், தையல் பிரிவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், விரலை வைத்து எண்ணினாள். திரும்ப எண்ணினாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், முடிச்சைப் பார்த்தே, "அண்ணா, நாலுதான் இருக்கு, நிறுத்து" என்றாள்.

முதல் மூன்று பேரும் எனக்குத் தெரிந்து எட்டு வருடம், பத்து வருடம் என்னோடு இருப்பவர்கள். அவர்களில் ஒருவர் எண்ணியது உண்மை, நான்கு என்று தெரிந்ததும் உண்மை என்று திரும்பி வரும்போது வண்டியில் சொன்னார்.

இன்று எனக்குக் கயிறு பிடித்தது மச்சான் இல்லை, அந்தப் பெண்தான். எடை குறைவு, அதனால் சுவர் ஓரமாக நிறுத்தி, பின்னால் மச்சான் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டான். உச்சியில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். மெட்டி கழற்ற வராமல் ஒருவர் சோப்புத் தண்ணீரோடு அரை மணி நேரம் போராடினார், ஆகவே வருகிறவர்கள் வீட்டிலேயே கழற்றிவிட்டு வரவும்.